திரையின் புள்ளியும் எழுத்தின் புள்ளியும்

தெளிவு என்னும் சொல் தமிழ்த் திறனாய்வுக்குப் புதியதன்று. விளங்க வைத்தலை நூலுக்குரிய பத்து அழகுகளுள் ஒன்றாக நன்னூலார் எண்ணிச் சொன்னார். யாருக்கு விளங்க வேண்டும், எது விளங்க வேண்டும் என்னும் வினாக்கள் அந்த ஒரு தொடருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இன்று புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசாவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையை அடுத்த மின்பொருள் கடைகளிலும் அதே தெளிவு அங்குலக் கணக்கிலும் வெள்ளிக் கணக்கிலும் விலைபோகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தவணை முறையில் பெருந்திரை வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒரு பகுதி, வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிக்காகவே வாங்கப்படுவது. பழைய பெட்டியில் விளையாட்டு மங்கலாகத் தெரிகிறது என்பதே பிள்ளைகள் கூறும் காரணம். இக்காரணத்தை நகைத்து ஒதுக்குவது எளிது. நான் அதனை ஓர் இலக்கியச் சிக்கலாகவே எடுத்துக்கொள்கிறேன். காட்சியின் தெளிவு ஒரு படைப்புக்கு என்ன செய்கிறது, அதில் தமிழ் எழுத்துக்குக் கிடைப்பது என்ன என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு திசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தீபகற்பத்தில் வண்ணம் வந்தது 1978இன் இறுதியில். அந்தக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி 625 வரிகளால் ஆன படத்தைக் காட்டியது. அவற்றுள் கண்ணுக்குப் படமாகத் தெரிந்தவை 576. தமிழ்த் திரைப்படம் ஒளியேறும்போது அடியில் ஓடிய மலாய் எழுத்துகளை அக்கம்பக்கத்தார் படித்ததும், அந்த எழுத்துகளின் ஓரம் வெள்ளைச் சட்டையின்மேல் கரைந்து போனதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2009இன் இறுதியில் ஆஸ்ட்ரோ உயர்தெளிவு ஒளிபரப்பைத் தொடங்கிற்று. 2019இல் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு எண்முறை முழுமையாயிற்று. இவ்வரலாற்றில் இதற்குமேல் தங்க வேண்டியதில்லை.

விளையாட்டுக் கருவிகளின் வரலாறு சற்று வேறானது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியும் 2006இல் பிளேஸ்டேஷன் 3 கருவியும் வந்தபோதுதான் உயர்தெளிவு என்பது விளையாட்டின் பொது மொழியாயிற்று. அகலத்தில் 1280, உயரத்தில் 720 புள்ளிகள் என்பது அதன் கீழ்ப்படி. 1920க்கு 1080 என்பது அடுத்த படி. அதாவது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். இன்று 4கே எனப்படும் 3840க்கு 2160இல் அவை 83 இலட்சத்தை நெருங்குகின்றன. 1980களின் நிண்டெண்டோ கருவி காட்டியது 256க்கு 240. மொத்தம் 61 ஆயிரத்துச் சொச்சம். இந்தப் பெருக்கத்தை வளர்ச்சி என்று மட்டும் கொண்டால் திறனாய்வாளனுக்கு வேலையில்லை, கடைக்காரர் போதும்.

பழைய விளையாட்டு ஒன்றைப் புதிய திரையில் இட்டுப் பார்த்தவர் ஓர் உண்மையை அறிந்திருப்பர். 1991இல் வந்த சோனிக் என்னும் விளையாட்டில் ஓர் அருவி உண்டு. அதனை வரைந்தவர்கள் ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாகச் செங்குத்துக் கோடுகளை இட்டனர். மஞ்சள் முனைக் கம்பி வழியே குழாய்ப் பெட்டிக்குச் சென்ற படம் அக்கோடுகளை ஒன்றோடொன்று குழைத்தது. அருவிக்குப் பின்னால் பாறை தெரிவதுபோன்ற ஒளியூடுருவும் தோற்றம் பிறந்தது. உயர்தெளிவுத் திரை அந்தக் குழைவை நீக்கிவிடுகிறது. நீர் போய்க் கம்பி வேலி நிற்கிறது. மங்கலும் ஒரு கருவியாக இருந்த கலை அது. சொல்லாமல் விடுவதாலும் சொல்லின் ஓரத்தைக் கரைப்பதாலும் பொருள் பெறும் கவிதையை உரைநடையாக்கி விளக்கும் ஆசிரியர் ஒருவரை இது எனக்கு நினைவூட்டுகிறது. விளக்கத்தில் பிழை இராது. கவிதை மட்டும் இராது.

வேறொன்றும் உண்டு. இக்காலத் திரைகள் தமக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. கோடுகளைக் கூர்மையாக்கி, அசைவுகளுக்கு இடையே தாமே படங்களை நிரப்பி, வண்ணத்தை ஏற்றிய பிறகே காட்டுகின்றன. அதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடுகிறது. விரல் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் வீரன் குதிப்பதற்கும் இடையே ஒரு தயக்கம் நுழைகிறது. இதனைத் தவிர்க்கவே தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ என்னும் அமைப்பை வைத்திருக்கிறார்கள். அதனை இயக்கினால் அந்த ஒப்பனைகளுட் பெரும்பகுதி நின்றுவிடும். பணம் கொடுத்து வாங்கிய அழகை அணைத்து வைத்தால்தான் விளையாட்டு ஒழுங்காக நடக்கும் என்பதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை. மூலத்தைத் திருத்தித் திருத்தித் தாமதமாக அச்சேற்றும் பதிப்பாசிரியர்களைக் கண்ட நமக்கு இது புதிய துன்பமன்று.

ஆயினும் உயர்தெளிவுக்கு எதிராக வழக்காடுவது என் நோக்கமன்று. அதற்குச் சார்பாக ஒரு வலிய காரணம் இருக்கிறது. அது எழுத்து.

2006இல் கேப்காம் வெளியிட்ட டெட் ரைசிங் என்னும் விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்தது. அதன் எழுத்துகள் உயர்தெளிவுத் திரையை மனத்தில் வைத்து மிகச் சிறியனவாக அமைக்கப்பட்டிருந்தன. பழைய பெட்டியை வைத்திருந்தவர்களால் அவற்றைப் படிக்க இயலவில்லை. குறைகூறல் பெரிதாக எழுந்தது. அவ்விளையாட்டில் கதையும் கட்டளையும் எழுத்தின் வழியே வருவன. படம் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை கதையின் ஒரு பாதியை இழந்தான் என்பதே இதன் பொருள். திரையை மாற்றிக்கொள்வது என்னும் பேச்சில் பெற்றோர் கவனிக்க வேண்டிய மெய்யான இழப்பு இதுதான். மற்றவை பெரும்பாலும் ஆசை.

உரோமன் எழுத்துக்கே இந்நிலை என்றால், நம் எழுத்தின் நிலை என்ன? பழைய நிண்டெண்டோவில் படம் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு ஓடுகளால் கட்டப்பட்டது. ஆங்கில எழுத்து ஒன்று அந்த ஓட்டுக்குள் அடங்கிவிடும். சப்பானியரின் அசையெழுத்துகளும் ஒருவாறு அடங்கின. அவர்களுடைய காஞ்சி எழுத்துகள் அடங்கவில்லை; ஆகவே அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றை அவர்கள் அசையெழுத்திலேயே எழுதி, குழந்தைப் பாடநூல் போன்ற நடையை ஏற்க வேண்டியிருந்தது. 1986இல் வந்த டிராகன் குவெஸ்டை ஆக்கியோர் நினைவக இடம் போதாமையால் எழுத்துகளையே தெரிந்தெடுத்துக் குறைத்தனர். இருக்கும் எழுத்துகளுக்கு ஏற்பப் பெயர்களும் அமைந்தன. கருவியின் வறுமை நடையாக மாறிய கதை இது.

தமிழை அந்த எட்டுக்கு எட்டில் இட்டுப் பாருங்கள். இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் அங்கு வேறுபடுவது அரிது. ‘ழ’வின் கீழ்வளைவுக்கு இடமில்லை. மேலே புள்ளி வைக்க ஒரு வரி வேண்டும். அப்புள்ளி எழுத்தோடு ஒட்டாதிருக்க மற்றொரு வரி வெறுமையாக விடப்பட வேண்டும். எஞ்சிய ஆறு வரிகளில் ‘ஞூ’ எப்படி நிற்கும்? தமிழ் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தன்னை ஏந்தும் பொருளோடு உடன்படிக்கை செய்துகொண்டே வாழ்கிறது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. இட்டால் ஓலை துளைபடும். படிப்பவர் மெய்யையும் உயிர்மெய்யையும் தம் மொழியறிவால் பிரித்துக்கொண்டனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு வரையறுத்த பெருமை வீரமாமுனிவருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. 1978இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தம் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாகும் பொருட்டு வந்தது; நம் பள்ளிகளும் பின்னர் அதனை ஏற்றன. ஆக, ஓலை, அச்சு, தட்டச்சு என்னும் வரிசையில் திரையும் ஒன்று. அந்தத் திரையில் புள்ளிக்கு இடம் போதாதிருந்த காலம் 61 ஆயிரம் புள்ளிகளின் காலம். 20 இலட்சம் புள்ளிகளின் காலத்தில் அக்குறை தீர்ந்தது. தமிழைப் பொறுத்தமட்டில் உயர்தெளிவின் மெய்யான நன்மை என்று நான் கருதுவது இதனையே. வீரனின் தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிவதைக் காட்டிலும் ‘ண்’ணின் தலையில் புள்ளி தெரிவது பெரிது.

குறை தீர்ந்ததென்றேன், முழுவதும் தீரவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணிப்பொறி தன்னுள் வைத்திருக்கும் முறை வேறு, நாம் பார்க்கும் முறை வேறு. உள்ளே ககரம் முதலிலும் அதன் உயிர்க்குறி பின்னும் இருக்கும். காட்டும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் கோத்து நிறுத்த ஒரு தனி ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ‘கொடி’ என்பது படிக்கவொண்ணாத சிதைவாக நிற்கும். இணையத்திலும் கைப்பேசியிலும் இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. விளையாட்டுகளை ஆக்கப் பயன்படும் பொறிகளில் அப்படியன்று. தமிழுக்கென ஒருவர் தனியே உழைத்தால்தான் எழுத்து ஒழுங்காக வரும். எனவே 83 இலட்சம் புள்ளிகள் கொண்ட திரையை வாங்கிச் சுவரில் மாட்டினாலும், கொம்பை அதற்குரிய இடத்தில் வைக்க அத்திரையால் ஆகாது. அது கடையில் கிடைக்கும் பொருளன்று.

இந்தப் பின்னணியில் வைத்தே ‘வெண்பா’ என்னும் விளையாட்டை நாம் மதிப்பிட வேண்டும். தொரந்தோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்னும் சிறிய குழு இதனை 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களின் கடைசி நாளில் வெளியிட்டது. நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய கருவிகளிலும் கணிப்பொறியிலும் வந்தது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. அதே ஆண்டில் தனிமுயற்சி விளையாட்டுகளுக்கான விழாவில் தலைமைப் பரிசும் கிடைத்தது. விருது பெற்றதனால் ஒரு படைப்பு உயர்ந்துவிடாது என்பதை நம் பரிசளிப்பு விழாக்களே நமக்குக் கற்பித்திருக்கின்றன. ஆகவே படைப்புக்குள் செல்வோம்.

1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய இணையர் வெண்பா, பாவலன். அவர்கள் மகன் கவின். தாயின் பெயர் யாப்பு. தந்தையின் பெயர் யாப்பவன். மகனின் பெயரோ அழகு. தமிழாசிரியர் ஒருவர் பெயர்சூட்டிய குடும்பம்போல் இருக்கிறது. வெண்பா மற்றப் பாவினங்களைவிடக் கட்டுப்பாடு மிக்கது. வேற்றுத் தளை விரவ இடந்தராதது. ஈற்றடி குறைந்து முடிவது. இந்தத் தாயின் இயல்பும் அதுதான். தன் ஓசைக்குள் பிற ஓசை புகுவதை அவள் எளிதில் ஏற்கிறவள் அல்லள். மகனோ பள்ளி செல்லும் வயதில் வீட்டு உணவிலிருந்தும் வீட்டு மொழியிலிருந்தும் விலகிச் செல்கிறான். பெயரை ஆக்கியோர் இவ்வளவும் எண்ணித்தான் வைத்தார்களா என்பது எனக்கு முக்கியமன்று. படைப்பு அந்தப் பொருளைத் தாங்குகிறது, அது போதும்.

விளையாடுபவர் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவிடம் அவள் தாயின் சமையற்குறிப்பு ஏடு ஒன்று இருக்கிறது. அது சிதைந்தது. சில வரிகள் கறைபட்டும் சில கிழிந்தும் கிடக்கின்றன. விடுபட்டதை விளையாடுபவர் தம் அறிவால் நிரப்ப வேண்டும். இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் செல்லும்? புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த முறையில் இறங்க வேண்டும்? ஓலைச்சுவடியில் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பும் பணியை இதைவிட எளிமையாக மாணவருக்குக் காட்ட நான் வேறொன்றைக் கண்டதில்லை. ஏடு தேடி அலைந்த உ.வே.சாமிநாதையரைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறோம். பாடபேதம் என்றால் என்ன என்று கேட்டால் மாணவர் விழிக்கின்றனர். இங்கு அவர்கள் கைகளே அதைச் செய்கின்றன.

கதையின் பிற்பகுதியில் விளையாடுபவர் தாயாக இருப்பது மாறி மகனாகிறார். ஏடு மகனின் கைக்கு வரும்போது தடை கறையிலிருந்து மொழிக்கு மாறுகிறது. அம்மாவுக்குத் தாளில் இருந்த சிதைவு மகனுக்கு மனத்தில் இருக்கிறது. இந்தத் திருப்பமே படைப்பின் உச்சம் என்பது என் கருத்து. உயர்தெளிவைப் பற்றிய நம் வினாவுக்கு இதுவே விடையும் ஆகிறது. திரை எத்துணைத் துலக்கமாக இருந்தாலும், படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து மங்கலாகவே இருக்கும். இதனை ஆக்கியோர் உரையாக எங்கும் சொல்லவில்லை. விளையாடுபவர் தம் தடுமாற்றத்தினாலேயே உணர வைத்தனர்.

இதனைப் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவர் வீட்டின் 55 அங்குலத் திரையில் ஒருமுறையும், சுவிட்ச் கருவியின் சொந்தத் திரையில் மறுமுறையும் பார்த்தேன். அந்தச் சிறு திரை ஆறங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது. 720 வரிகளே கொண்டது. படங்கள் சமனான வண்ணப் பரப்புகளாக வரையப்பட்டவை; நிழலும் மினுக்கும் மிகுதியில்லை. பெரிய திரையில் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது அளவு மட்டுமே. குழல் வாயில் ஆவி எழும் காட்சி இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. நண்பருக்கு இதில் சிறிது வருத்தம்.

குறைகளும் உள. முழுமையும் ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. கவினின் விலகலும் திரும்புதலும் சில காட்சிகளுக்குள் தாவித் தாவி நிகழ்கின்றன. சிறுகதையின் அளவுக்குள் நாவலின் காலத்தை அடக்க முயன்றதன் விளைவு இது. சமையற் புதிர்களும் எளியவை. தவறினால் மீண்டும் தொடங்கலாம், இழப்பு ஏதும் இல்லை. ஒரு பரம்பரையின் நினைவு அழிந்துபோகும் அச்சத்தைப் பேசும் படைப்பில், தவறுக்கு விலை இல்லாதது பொருளை மெலிவிக்கிறது. பழைய திரையிசையின் சாயலில் புதிதாக ஆக்கப்பட்ட பாடல்கள் இனியவை. சில இடங்களில் காட்சி செய்ய வேண்டிய வேலையை அவை செய்துவிடுகின்றன.

மலேசிய வாசகர்க்கு இதில் ஓர் அயன்மையும் உண்டு. கவினின் கதை ஒரே தலைமுறையில் மொழியை இழப்பவனின் கதை. நம் கதை அப்படிப்பட்டதன்று. 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியது முதல், 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் தோட்டங்களில் பள்ளிகள் எழுந்தது ஈறாக, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இயங்குவது வரை, இங்கு எழுத்து நான்கைந்து தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கிறது. கிள்ளான் மாணவனால் அந்த ஏட்டைப் படிக்க இயலும். அவனுக்கு இல்லாதது, அவன் படிக்கும்படியாக அவனுடைய வீட்டைப் பற்றி எழுதப்பட்ட விளையாட்டு.

ஒப்புநோக்குக்கு இரண்டு. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ இராசத்தானத்து மாளிகைகளையும் தெய்வங்களையும் பெரிய அளவில் வரைந்தது. அதன் சுவர்ச் சித்திரங்களுக்கு உயர்தெளிவு பயன்படுகிறது. ஆனால் இடையிடையே கதை சொல்ல அது நாடுவது பாவைக்கூத்தின் நிழலை. அதே 2020இல் நம் கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் குழுவினர் ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ என்னும் இசை விளையாட்டை வெளியிட்டனர். இறுதிக் கற்பனை வரிசையின் 15ஆம் விளையாட்டில் பணியாற்றித் திரும்பிய வான் ஹஸ்மர் அதன் தலைமை ஆக்குநர்களுள் ஒருவர். அதில் ஒரு பாத்திரம் வாயாங் கூலிட் நிழலோடு தோன்றி மலாயில் சொல்லிசை பாடுகிறது. உலகச் சந்தைக்கு ஆங்கிலத்தில் செய்த படைப்பில், மொழிபெயர்க்காமல், கூச்சப்படாமல் தம் மொழியை ஒலிக்கவிட்டனர். வெண்பாவின் சமையலறையைவிட அந்தத் துணிவு ஒரு படி மேல் என்றே மதிப்பிடுகிறேன், கலையழகில் வெண்பாவே சிறந்தது எனினும்.

நம் எழுத்தாளர்களுக்கு இங்கு வேலை இருக்கிறது. விளையாட்டுக்கு ஓவியரும் நிரலரும் மட்டும் போதா. உரையாடல் எழுதுவோர் வேண்டும். தோட்டத்து லயம், கிள்ளான் துறைமுகம், பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே குடியிருப்பு ஆகியவற்றைச் சிறுகதையில் எழுதிப் பழகிய கைகள் நம்மிடையே உள்ளன. சோனி நிறுவனம் தன் விளையாட்டு ஆக்கக்கூடத்தின் கிளையொன்றைக் கோலாலம்பூரில் அமைக்க முன்வந்தது என்றால், தொழில் அறிந்த இளைஞர்கள் இங்கு இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அவர்களுள் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களை நம் சங்கக் கூட்டங்களுக்கு அழைத்தோமா? சிறுகதைப் போட்டிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கும் ஒரு தமிழ் எழுத்துருப் பணிக்கு ஒதுக்கினால் அது இலக்கியச் செலவாகாதா?

அதுவரை ஆசிரியர்க்கு ஒரு வழி சொல்லலாம். வெண்பாவின் நேரம் ஏறத்தாழ மூன்று பாடவேளை. பள்ளியில் உள்ள ஒளிப்படக் கருவி பழையதாயினும் 720 வரிகள் காட்டினால் போதும். இட்டலிப் பகுதியோடு நிறுத்திவிட்டு, கறைபட்ட வரியில் பாட்டி என்ன எழுதியிருப்பாள் என்பதை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வழக்கப்படி எழுதட்டும். கிள்ளான் வீட்டு வரியும் செந்தூல் வீட்டு வரியும் ஒன்றாயிரா. அவற்றை ஒப்பிட்டு, எது மூலத்துக்கு நெருங்கியது என்று வகுப்பில் வாதிடச் சொல்லலாம்.